உணர்வுக்கு ஜேர்மன் கூட்டுச்சொல் கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஸ்பொன்சர் விசாவுக்காகவும், படிப்புக்காகவும், அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளோடு கதைப்பதற்காகவும் ஜேர்மன் படிக்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஜேர்மன் சொற்களை அவர்கள் உச்சரிப்புக்குக் கிட்டவாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கூறுகள் தெரிவதற்காக நடுவில் கோடு போட்டிருக்கிறோம். ஜேர்மனில் எழுதும்போது கோடு இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

எல்லா உணர்வுக்கும் ஜேர்மனில் ஒரு சொல் இருக்கிறதாமே, உண்மையா?

இல்லை. இருப்பது சொல் கட்டும் முறைதான். பெயரோடு பெயரை ஒட்டினால் புதுப்பெயர் கிடைக்கும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்படிக் கட்டியவற்றில் சில நிலைத்தன. உலகத்தின் நிலையை நினைத்து வரும் துயரத்துக்கு வெல்ட்-ஷ்மெர்ட்ஸ் என்று பெயர். அது ழான் பவுல் என்ற எழுத்தாளர் கட்டியது; அவர் இறந்த பிறகு 1827இல் வெளியான நூலில் வந்தது. காட்டுக்குள் தனித்திருக்கும் உணர்வைச் சொல்லும் வால்ட்-ஐன்ஸாம்கைட், லூட்விக் டீக் 1797இல் எழுதிய கதையில் வந்த சொல். நிலைத்த சொற்களுக்குப் பக்கத்தில், ஒருநாள் பேச்சில் வந்து அன்றோடு மறைந்தவை எண்ணிலடங்காதவை. நீங்கள் கட்டப்போகும் சொல்லும் முதலில் அந்த இரண்டாவது வகையில்தான் சேரும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணம் இதற்கு உதவுமா?

நிறைய உதவும். தொகைநிலைத் தொடர் என்று படித்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

கோழிக்கறி என்றால் கோழியால் ஆன கறி. கோழித்தீன் என்றால் கோழிக்குப் போடும் தீன். நிலைமொழி ஒன்றே, மறைந்திருக்கும் உறவு வேறு. கேட்பவர் அதைத் தானாக விரித்துக்கொள்கிறார். இதுதான் வேற்றுமைத்தொகை. ஜேர்மன் கூட்டுச்சொற்களில் பெரும்பகுதி இதே வகை: ஒலீவன்-ஓல் ஒலிவ் காயிலிருந்து எடுத்த எண்ணெய், பேபி-ஓல் குழந்தைக்குப் பூசும் எண்ணெய். ஷாடன்-ஃப்ரொய்டெ என்பதை 'பிறர் துன்பத்தால் வரும் மகிழ்ச்சி' என்று விரிப்பதும் அதே முறையில்தான்.

சுடுதண்ணீர், ஊறுகாய் போன்ற வினைத்தொகைகளுக்கு இணையாக, வினையடியை முன்னால் வைத்துக் கட்டும் சொற்கள் ஜேர்மனில் உண்டு. வார்டெ-ட்ஸிமர் என்றால் காத்திருக்கும் அறை. தாய்தந்தை போன்ற உம்மைத்தொகைக்கு உணர்வுச்சொல்லிலேயே உதாரணம் இருக்கிறது: ஹாஸ்-லீபெ, வெறுப்பும் அன்பும் ஒன்றாய்க் கிடப்பது. அன்மொழித்தொகையும் உண்டு, ஆனால் அது ஆளைச் சுட்டவே பெரும்பாலும் வரும். கைட்ஸ்-ஹால்ஸ் என்ற சொல்லின் கூறுகள் கஞ்சத்தனம், தொண்டை, பொருளோ கஞ்சன். உணர்வுக்குச் சொல் கட்டுகிறவர் இந்த வகையைத் தொடாமல் விடுவது நல்லது.

இன்னொரு வசதி, இரண்டு மொழியிலும் தலைச்சொல் கடைசியில் வருகிறது. பனங்கிழங்கு ஒரு கிழங்கு. ஹைம்-வே (ஊர் ஏக்கம்) ஒரு நோவு. முன்னுக்கு எதைச் சேர்த்தாலும் கடைசிக் கூறுதான் அது என்ன பொருள் என்று தீர்மானிக்கும். பாலையும் பன்மையையும் தீர்மானிப்பதும் அதுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஜேர்மனிலிருந்து தொடங்க வேண்டாம். உணர்வை முதலில் ஒரு தமிழ் வசனமாக எழுதுங்கள்: 'வெளிநாட்டிலிருந்து அண்ணா காசு அனுப்பும்போது எனக்கு வரும் கூச்சம்.' இதில் உணர்வு எது? கூச்சம். அதுவே தலைச்சொல்: ஷாம். உணர்வைக் கிளப்பும் பொருள் எது? காசு அனுப்புதல்: ஊபர்வைஸுங், வங்கிப் பணமாற்றம். அண்ணா, நான், வெளிநாடு எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது இரண்டு கூறு. நடுவில் ஓர் 'ஸ்' சேர்த்தால் ஊபர்வைஸுங்-ஸ்-ஷாம். விமானத்தில் பறப்பதை நினைத்து வரும் வெட்கத்துக்கு ஃப்ளூக்-ஷாம் என்று அங்கே அண்மைக்காலத்தில் ஒரு சொல் பரவியது. அதைக் கேட்டவருக்கு உங்கள் சொல் உடனே பிடிபடும்.

ஆனால் கூச்சம் வாங்குகிறவருக்கா கொடுக்கிறவருக்கா என்பதைத் தொகை சொல்லாது. சொல்லைப் பாவிக்கும் முதல் வசனத்திலேயே ஆளைத் தெளிவாக்க வேண்டும். நீளமான நான்கு கூறு போட்டு எல்லாவற்றையும் சொல்லுக்குள் அடக்கப் பார்ப்பதுதான் தொடக்கத்தில் பலரும் விடும் பிழை.

தலைச்சொல்லுக்கு எவற்றைப் பாவிக்கலாம்?

பெண்பாலில்: ஃப்ரொய்டெ (மகிழ்ச்சி), ஆங்ஸ்ட் (பயம்), ஷாம் (வெட்கம்), வூட் (கடுங்கோபம்), லேரெ (வெறுமை), மூடிக்கைட் (களைப்பு), பானிக். ஆண்பாலில்: கும்மர் (கவலை), ஷ்மெர்ட்ஸ் (வலி), நைட் (பொறாமை), ஷ்டோல்ட்ஸ் (பெருமை), ஃப்ருஸ்ட் (சலிப்பு கலந்த ஏமாற்றம்). அலி, அதாவது மூன்றாம் பாலில்: வே (நோவு), ஃபீபர் (காய்ச்சல்), க்லுக் (நற்பேறு, இன்பம்), பாங்கன் (பயமும் எதிர்பார்ப்பும் சேர்ந்த தவிப்பு).

சிலவற்றில் அவதானம் வேண்டும். ஸுஹ்ட் என்ற தலைச்சொல் ஸேன்-ஸுஹ்ட் என்பதில் ஏக்கம். ஆனால் கெல்ப்-ஸுஹ்ட் மஞ்சட்காமாலை, ஷ்பீல்-ஸுஹ்ட் சூதாட்டத்துக்கு அடிமையாதல். நீங்கள் புதிதாக ஒன்று கட்டினால் இன்றைய வாசகர் அதை அடிமைத்தனம் என்றே வாசிப்பார். வே என்பதிலும் இரட்டை நிலை உண்டு: ஹைம்-வே ஊர் ஏக்கம், ஃபெர்ன்-வே தூரதேசம் போகும் ஏக்கம், ஆனால் கொப்ஃப்-வே வெறும் தலையிடி. முன்கூறு உடலுறுப்பாக இருந்தால் வே போடாதீர்கள்.

ஃபீபர் நல்ல கூறு. மேடையேறும் முன் வரும் நடுக்கத்துக்கு லாம்பன்-ஃபீபர் (விளக்குக் காய்ச்சல்), பயணத்துக்கு முதல்நாள் வரும் பரபரப்புக்கு ரைஸெ-ஃபீபர். இனிய பதற்றம் எதற்கும் இதை வைத்துப் பார்க்கலாம்.

நடுவில் 'ஸ்' வருமா, 'ன்' வருமா, ஒன்றும் வராதா? இதில்தான் எப்போதும் குழப்பம்.

இது சாரியை. பனை + அம் + காய் = பனங்காய் என்று பிரித்தோமே, அந்த 'அம்' செய்யும் வேலையைத்தான் இவையும் செய்கின்றன: தமக்கென்று பொருள் இல்லை, இரண்டு சொல்லைப் பொருத்தி வைப்பது மட்டும். அதே பனையோடு ஓலை சேர்ந்தால் பனையோலை, சாரியை இல்லை. ஒரே சொல் ஓரிடத்தில் சாரியை பெற்று இன்னோரிடத்தில் பெறாமல் வருவது ஜேர்மனிலும் அப்படியே.

உறுதியாகச் சொல்லக்கூடியவை: முன்கூறு உங், ஹைட், கைட், ஷாஃப்ட், டேட், இயோன் என்ற ஈறுகளில் முடிந்தால் 'ஸ்' வரும். ப்ரூஃபுங் (சோதனை) ப்ரூஃபுங்-ஸ்-ஆங்ஸ்ட் ஆகும்; அது அகராதியிலேயே உள்ள சொல். உடைமைப்பொருளில் வரும் 'ஸ்' இது என்று நினைக்கக்கூடாது, ஏனென்றால் இந்தப் பெண்பாற் சொற்கள் வேற்றுமையில் 'ஸ்' ஏற்பதே இல்லை. நிஸ் என்று முடிந்தால் சாரியை இல்லை. எர்கேப்நிஸ் (பெறுபேறு) எர்கேப்நிஸ்-ஆங்ஸ்ட் ஆகும். ஓ.எல். பெறுபேறு வரும் நாளின் பயத்துக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.

'எ' என்று முடியும் பெண்பாற் சொற்களுக்கு ஒரே விதி இல்லை. ஃப்ரொய்டெ 'ன்' பெறுகிறது: ஃப்ரொய்டன்-ட்ரேனன், ஆனந்தக்கண்ணீர். லீபெ 'ஸ்' பெறுகிறது: லீபெஸ்-கும்மர், காதல் கவலை. ரைஸெ ஒன்றும் பெறாது. ஷூலெ (பள்ளிக்கூடம்) போன்றவை கடைசி 'எ'யையே இழந்து ஷூல் என்று நிற்கும்; பனையின் 'ஐ' கெட்டது மாதிரி.

மிக நுட்பமானது ஹெர்ட்ஸ், இதயம். மருத்துவப் பொருளில் ஹெர்ட்ஸ்-இன்ஃபார்க்ட், மாரடைப்பு, சாரியை இல்லை. மனம் என்ற பொருளில் ஹெர்ட்ஸன்ஸ்-வுன்ஷ், உள்ளத்தின் விருப்பம், 'என்ஸ்' வருகிறது. உணர்வுக்குச் சொல் கட்டும்போது பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். சாரியையைத் தவறவிட்டால் இருதய வைத்தியரின் சொல்லாகிவிடும்.

முன்கூறே ஏற்கெனவே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் 'ஸ்' வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஹோஃப்-டோர் (முற்றத்துக் கதவு) என்பதில் இல்லாத 'ஸ்', ஃப்ரீட்ஹோஃப்-ஸ்-டோர் (மயானக் கதவு) என்பதில் வருகிறது. அங்கேதான் முதற்சொல் எங்கே முடிகிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். டூடன் அகராதியிலோ, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டி.டபிள்யூ.டி.எஸ். அகராதியிலோ முன்கூறைத் தட்டச்சு செய்து, அதில் தொடங்கும் நாலைந்து சொற்களைப் பாருங்கள். பெரும்பான்மை எப்படி நிற்கிறதோ அப்படியே நீங்களும் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் அன்னியர் கட்டிய சொல் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு எழுத்துத்தான்.

அம்மாவோட வீடியோ கோல் கதைச்சு முடிஞ்சாலும் வைக்க மனம் வராது. 'சரி, வைக்கிறன்' எண்டு சொல்லிச் சொல்லியே பத்து நிமிசம் போகும். இதுக்கு?

அவ்ஃப்லேகெ-ஹெமுங். அவ்ஃப்லேகன் என்றால் தொலைபேசியை வைத்தல். அதன் வினையடி அவ்ஃப்லேகெ. ஹெமுங் என்றால் ஒன்றைச் செய்யவிடாமல் உள்ளிருந்து தடுப்பது. எழுத உட்கார்ந்தும் எழுத முடியாமல் இருப்பதற்கு ஷ்ரைப்-ஹெமுங் என்று அங்கே வழக்கில் இருக்கிறது. அதே அச்சில் இதுவும் இயல்பாக விழுகிறது. பெண்பால். இந்தப் பக்கத்தில் உள்ள சொற்களில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான், ஏனென்றால் விளக்கம் சொல்லாமலே விளங்கும்.

வயிற்றெரிச்சலை அப்படியே மொழிபெயர்த்தால் என்ன?

மாகன்-ப்ரெனன் என்று வரும். கேட்பவர் இரைப்பையில் அமிலம் கூடிவிட்டது என்று நினைத்து மருந்துக்கடைக்கு வழி சொல்வார். தமிழில் வயிறு எரிவது பொறாமை. ஜேர்மனில் அது நோய். மனம், நெஞ்சு, வயிறு, கண் ஆகியவற்றை வைத்துள்ள நம் உணர்வுச்சொற்களைக் கூறுகூறாக மாற்றக்கூடாது. உணர்வின் பெயரைத் தலைச்சொல்லாக வையுங்கள். பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்து வந்த எரிச்சலா? நாஹ்பார் அயலவர், நைட் பொறாமை. இந்த நாஹ்பார் பெரும்பாலும் சாரியை பெறாத சொல், எனவே நாஹ்பார்-நைட்.

ஸ்பொன்சர் அலுவல் முடிவு வரும்வரை இருக்கும் தவிப்புக்கு ஒரு சொல் வேண்டும்.

விசா என்ற சொல்லை வைத்து முயன்றால் அலுவலகச் சொல் மாதிரி வறண்டு நிற்கும். அங்கே இருப்பவர் ஒவ்வொரு நாளும் எதைத் திறந்து பார்க்கிறார்? வாசலில் உள்ள கடிதப்பெட்டியை. ப்ரீஃப்காஸ்டன்-பாங்கன், கடிதப்பெட்டித் தவிப்பு. முன்கூறு 'என்' என்று முடிவதால் சாரியை வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பொருளை முன்கூறாக வைத்தால் சொல்லுக்கு உயிர் வரும். துக்கத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டு ஏறும் உடம்புக்கு கும்மர்-ஷ்பெக் (கவலைக் கொழுப்பு) என்று பெயர் வைத்ததும் அப்படித்தான். வாய்ப்புக் கைதவறிப் போகிறதே என்ற பயத்துக்கு டோர்-ஷ்லுஸ்-பானிக், கதவடைப்புப் பதற்றம்.

இதில் ஒரு கட்டுப்பாடு: பொருள் அவர்கள் வாழ்விலும் இருக்க வேண்டும். ஒடியலும் படலையும் முன்கூறாக வந்தால் விளக்கவுரை தேவைப்படும்.

நல்லூர்த் திருவிழா முடிந்த மறுநாள், கரண்ட் திரும்ப வரும் நொடி, இவற்றுக்கு?

இருபத்தைந்து நாள் திருவிழா முடிந்து வீதி வெறிச்சோடிக் கிடக்கும் மறுநாளுக்கு நாஹ்ஃபெஸ்ட்-லேரெ, விழாவுக்குப் பின்னான வெறுமை. நல்லூர் என்ற பெயரைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம், வசனத்தில் சொல்லுங்கள்.

கரண்டுக்கு ஷ்ட்ரோம்-ரூக்கேர்-ஃப்ரொய்டெ: மின்சாரம், திரும்பி வருதல், மகிழ்ச்சி. ஷ்ட்ரோம் என்பதற்குப் பேராறு என்ற பொருளும் உண்டு, எனவே பேச்சில் மின்வெட்டு வந்த பிறகே இதைச் சொல்லுங்கள்.

விருந்தாளி இரண்டாம் முறை சோறு வாங்கினால் வீட்டுக்காரிக்கு வரும் மகிழ்ச்சி நாஹ்ஷ்லாக்-ஸ்-ஃப்ரொய்டெ. நாஹ்ஷ்லாக் என்றால் மறுபடி போட்டுக்கொள்ளும் சாப்பாடு. கட்டுநாயக்காவில் அனுப்பிவிட்டு நிற்கும்போது வருவது ஆப்ஃப்ளூக்ஹாலன்-கும்மர், புறப்பாட்டு மண்டபக் கவலை. ஹாலெ 'ன்' பெற்றிருக்கிறது.

எவ்வளவு நீளம் போகலாம்?

இலக்கணம் எல்லை போடவில்லை. மாட்டிறைச்சி லேபல் கண்காணிப்புப் பணியை ஒப்படைப்பது பற்றி மெக்லன்பூர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலம் 1999இல் இயற்றிய சட்டத்தின் பெயர் ஒரே சொல்லாக 63 எழுத்து. 2013இல் சட்டம் நீக்கப்பட்டது. அது சட்டம் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். உணர்வுச்சொல் வாயில் வர வேண்டும். இரண்டு கூறு சிறந்தது, மூன்று எல்லை, அசை ஆறுக்குள். அழுத்தம் முதற்கூறில் விழ வேண்டும். அங்கே அழுத்திச் சொல்லிப் பாருங்கள், மூச்சு முட்டினால் ஒரு கூறை எடுத்துவிடுங்கள்.

கட்டிய சொல்லைப் பிழையாகப் பிரித்து வாசிப்பார்களா?

பலகை, பல கை என்று இரண்டாக நிற்பது போல அங்கும் நடக்கும். ஷ்டவ்-பெக்கன் என்றால் நீர்த்தேக்கம்; அதே எழுத்துகளை ஷ்டவ்ப்-எக்கன் என்று பிரித்தால் தூசு மூலைகள். உங்கள் சொல்லை எழுதி, ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் வெட்டிப் பாருங்கள். வேறு சொல் முளைத்தால் நடுவில் இணைகோடு போடலாம். தெளிவுக்காகப் போடுவதை எழுத்துமுறை அனுமதிக்கிறது. எழுத்துகள் அடுக்காக வந்தால் குறைக்கக்கூடாது. கப்பற்போக்குவரத்தைக் குறிக்கும் ஷிஃப்-ஃபார்ட் என்ற சொல்லில் 1996ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் மூன்று 'எஃப்' எழுதுகிறார்கள்.

வசனத்தில் எப்படி வைப்பது?

பெயர்ச்சொல் என்பதால் முதலெழுத்துப் பெரிய எழுத்து, வசனத்தின் நடுவிலும். உணர்வைச் சொல்ல 'ஹாபெ' போதும், முன்னால் சுட்டுச்சொல் வேண்டாம்: இஹ் ஹாபெ ஹைம்வே (எனக்கு ஊர் ஏக்கம்). எந்த ஊரை நினைத்து என்றால் நாஹ் சேர்க்கவும்: ஹைம்வே நாஹ் ஜாஃப்னா. ஊர்ப்பெயரையும் ஒட்டி ஒரே சொல்லாக்கத் தேவையில்லை. இந்தத் தொடர் அதைவிட இயல்பானது. தொடராகவே அழகாக இருப்பதைத் தொகையாக்காமல் விடுவதும் இந்தக் கலையில் ஒரு பகுதி. பன்மையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்தச் சொற்கள் ஒருமையிலேயே புழங்கும்.

நான் கட்டிய சொல்லை 'ஜேர்மன் பழஞ்சொல்' என்று முகநூலில் போடலாமா?

வேண்டாம். 'ஜேர்மன் முறைப்படி நாங்கள் கட்டியது' என்று பக்கத்தில் எழுதுங்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் புதிதாகக் கட்டியதும் உண்மையில் வழங்குவதும் கலந்து கிடக்கின்றன. படிக்கிற பிள்ளை அதை நம்பிப் பாடமாக்கிவிடும். டூடனில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுவதுதான் மொழிக்குச் செய்யும் மரியாதை.

சுவிஸில் இருப்பவர்களுக்கு அனுப்பினால் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஒன்றே ஒன்று. ஜேர்மனியில் எழுதும் எஸ்ட்ஸெட் என்ற எழுத்து சுவிஸில் இல்லை. அந்த இடத்தில் இரண்டு 'எஸ்' எழுதுவார்கள். மற்றபடி ஹைம்-வே சுவிஸ்காரரோடு நெருங்கிய சொல். சுவிஸ் கூலிப்படையினரை வாட்டிய அந்த ஏக்கத்தை நோயாகக் கருதி யோஹானஸ் ஹோஃபர் 1688இல் பாசல் நகரில் ஆய்வேடு எழுதினார். நோஸ்டால்ஜியா என்ற சொல்லைக் கிரேக்கக் கூறுகளால் கட்டியவரும் அவர்தான்.

ஏ1 என்ற தொடக்கநிலை ஜேர்மன் சோதனையில் இப்படி ஒரு சொல் எழுதினால் புள்ளி கூடுமா?

கூடாது. எழுத்துப் பகுதியில் கேட்பது ஒரு படிவம் நிரப்புவதும் முப்பது சொல் அளவில் ஒரு சிறு செய்தியும். கேட்ட விடயங்களைத் தெரிந்த சொற்களில் எழுதுகிறவருக்கே புள்ளி. நூற்றுக்கு அறுபது எடுத்தால் சித்தி. சொல் கட்டும் பழக்கம் வாசிப்புப் பகுதியில் கைகொடுக்கும்: தெரியாத நீளச்சொல் வந்தால் கடைசிக் கூறைப் பிடித்து, அங்கிருந்து முன்னோக்கிப் பிரித்துக்கொண்டு வாருங்கள்.

போனில் புள்ளி வைத்த எழுத்துகள் எப்படி அடிப்பது?

ஏ (a), ஓ (o), யு (u) எழுத்துகளை அழுத்திப் பிடித்தால் புள்ளி வைத்தவை மேலே வரும். அது கிடைக்காத இடத்தில் அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் 'இ' (e) சேர்த்து எழுதலாம். புள்ளியை மட்டும் விட்டுவிட்டு எழுதக்கூடாது, அது வேறு சொல்லாகிவிடும்.